வேறு

லாபீர் நானா பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டுவந்த கல்
என் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
செட்டியார் தெரு, மூன்றாம் மாடி.
நீலமும் புஷ்பராகமும் பார்க்கிற இடம்;
இதற்குக் கட்டணப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

வானத்திலிருந்து விழுந்தது என்று வருகிறவர்களில்
பத்தில் ஒன்பது பேரிடம் இருப்பது
பஞ்சிகாவத்தைப் பட்டறைக் கழிவு.
காந்தம் ஒட்டும், மனம் ஒட்டாது.

இது மாளிகாவத்தையில்
அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைத்து
இடியப்ப மா வைத்த சருவத்துக்குள் இறங்கியிருக்கிறது.
தீய்ந்த பாணின் மேல்தோல் மாதிரி ஒரு கறுப்பு.
ஓரம் சீவித் தேய்த்துப் பார்த்தேன்.
லென்சுக்குள் கடுகளவு உருண்டைகள்,
பூமி என்று ஒன்று திரளுமுன்னே
உருகி, துளியாய் நின்று, உறைந்தவை.

"எந்த இடத்துச் சாமான், மிஸ்?"

நிலவென்றால் வெள்ளைச் சில்லுகள் பதிந்திருக்கும்.
செவ்வாயென்றால் உள்ளே ஒரு கண்ணாடிக் குமிழில்
அந்த ஊர்க் காற்று கொஞ்சம் அடைபட்டிருக்கும்.
வெஸ்டாவில் ஆறிய எரிமலைக் குழம்பு
நம்மூர்க் கருங்கல்லைப் போலவே ஏமாற்றும்.
முழு இரும்பாய் வந்தால்
உடைந்துபோன ஏதோ சின்ன உலகத்தின் நெஞ்சு.
வியாழனுக்கு அப்பாலிருந்தும் வருவதுண்டு, கரி போல,
களிக்குள் பழைய நீரைக் கட்டிக்கொண்டு.

இது அதொன்றும் இல்லை, நானா.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்
கோளாகப் போன தூசி
கோளாகாமலே நின்றுவிட்ட இடம்.
விழுவதில் அநேகம் இந்த வகைதான்.

"அப்ப விலை?"
நல்ல நீலக்கல்லுக்குக் கிட்டவும் வராது.
அவர் பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை
கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த இடம்?
இரண்டாயிரத்து ஏழு, பம்பலப்பிட்டிச் சந்தி,
அடையாள அட்டையில் டோர்ச் வெளிச்சம்.
வெள்ளவத்தை என்றேன்.
அதற்கு முதல்?
வெள்ளவத்தைதான்.
அதற்கும் முதல்?
கல்லுக்கு ஒட்சிசன் விகிதம் சாட்சி சொல்லும்.
என்னிடம் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள்.

நானா சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை விரித்தார்.
கூரைக்கு நட்டஈடு, கிராம சேவகர் கொடுத்தது.
சேதத்துக்குக் காரணம்:
காற்று, வெள்ளம், மரம், வேறு.
வேறுக்கு நேரே அரை அங்குல வெள்ளை.
"நீங்களே எழுதுங்க மிஸ், எழுத்து வடிவா இருக்கும்."

விண்கல் என்று எழுதி, அடைப்புக்குள்
செவ்வாய்க்கும் வியா
என்ற இடத்தில் கோடு முடிந்தது.
மிச்சத்தைக் காகிதத்தின் ஓரமாய்
மேலிருந்து கீழே
எழுதிக்கொண்டு போனேன்.