ஏழு நொடி

முன்பெல்லாம் காதுக்குத்தான் எழுதினார்கள்.
காலை எட்டு மணி, பதினைந்து நிமிடம்.
பார்க்கிறவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள்,
முதுகு திரைக்கு, முகம் குழாய்க்கு.
அதனால் நாடகத்தில் ஒருத்தி அழுதால்
"ஏன் அழுகிறாய்?" என்று யாராவது கேட்டாக வேண்டும்.
கதவு திறந்தால் போதாது,
"யாரது, இவாயா அண்ணனா?" என்றொரு குரல் வேண்டும்.

இப்போது யமனோதே ரயிலில்
ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள்.
உள்ளங்கைக்குள் ஒரு கடல், ஒரு படகுத்துறை,
சீட்டுக் கிழிக்கும் எங்கள் ஃபுசாயே.
ஒன்றரை மடங்கு வேகத்தில்
அவள் கடன்பட்டு, கடனடைத்து,
ஷின்ஜுகு வருவதற்குள் விதவையும் ஆகிவிடுகிறாள்.

நான் படத்தொகுப்பாளன்.
பெயர் எதற்கு?
பெயர்களைத் தாண்டிப் போகவும்
ஒரு பொத்தான் வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டாம் பகுதி.
கடிதம் வருகிறது. படிக்கிறாள். மடிக்கிறாள்.
ஏழு நொடி எதுவும் வேண்டாம் என்றார்
எழுத்தாளர் குரொஸு.
நான்கு போதும் என்றார் இயக்குநர்.
தரவுப் பிரிவு உத்சுமி
விரலை மடக்கிச் சுழியம் காட்டினான்.
நான் ஏழையும் விட்டுவைத்தேன்.
துணிச்சல் இல்லை,
அன்று எனக்குப் பல்வலி,
வாதாட வாய் வரவில்லை.

திங்களன்று வரைபடம் வந்தது.
பதினோராம் நிமிடத்தில் முள் மாதிரி ஒரு கோடு:
ஆயிரக்கணக்கானோர் அங்கே
பின்னுக்கு இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
குரொஸு நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"படம் உறைந்துவிட்டதென்று நினைத்திருக்கிறார்கள்,"
என்றான் உத்சுமி.
புகார்களையும் வாசித்துக் காட்டினான்:
செயலி சரியில்லை. சிக்னல் இல்லை.
சந்தா எதற்குக் கட்டுகிறோம்?

யாரும் சிரிக்கவில்லை. பிறகு குரொஸு சிரித்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு.

அந்தத் தாளின் அடியில்
சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.
பின்னுக்கு இழுத்தவர்களில் பாதிப்பேர்
இரண்டாம் முறை
வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள்.
ஏன் என்பதற்கு அட்டவணையில் கட்டமில்லை.
உத்சுமி அடுத்த பக்கம் திருப்பினான்,
கொஞ்சம் தாமதித்து.

நூற்றுநான்காம் பகுதியின் கையெழுத்துப்படி
நேற்று என் மேசைக்கு வந்தது.
ஃபுசாயே பேசவில்லை, பத்து நொடி.
அதன்கீழே பென்சிலால்:
பின்னால் ஒரு மின்விசிறி ஓடட்டும்.
உயிரோடிருக்கிறோம் என்று தெரியட்டும்.