அதிசயம்

என் பேர் அற்புதம்.
அவனுடைய மொழிபெயர்ப்பு எந்திரம்
'அன்புள்ள அதிசயம்' என்று அனுப்பும்.
முதலில் சிரித்தேன். பிறகு அதற்காகவே
ஆறு மணி சைரனுக்குக் காத்திருந்தேன்.

ஆம்பூர் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஷூ செக்கிங்.
இடதும் வலதும் ஒரே நிறமா,
பிசிறு நூல், பசைக் கறை,
ஒரு தையல் தாண்டியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
என் விரலை ஏமாற்றி எதுவும் பெட்டிக்குள் போனதில்லை.

நடுக்கடலில் எண்ணெய்க் கிணறாம்.
மனைவி இறந்து மூன்று வருஷமாம்.
என்னை நினைத்தால் தூக்கமே வராதாம்.
சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாதவளுக்கு
அத்தனை 'ஆம்' எங்கே காதில் விழும்?

நாலாம் மாதம் மோதிரம் அனுப்பினான்.
டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டதாம்,
முப்பத்தெட்டாயிரம் கட்டணுமாம்.
யாரிடமும் சொல்லாதே அதிசயம்.

சீட்டுப் பணம் அக்கவுண்டில் இருந்தது.
பின் நம்பரில் மூன்று எண் அழுத்திவிட்டேன்.
நாலாவதற்கு முன் ஏனோ கேட்டேன்:
ஒரு பேப்பரில் என் பேரை எழுதிப் பிடித்து
ஒரு போட்டோ.
(வீடியோவில் வா என்றால் எப்போதும் கேமரா ரிப்பேர்.)

வந்தது.
அதே சிரிப்பு. கையில் பேப்பர். 'அதிசயம்.'
செக்கிங் டேபிள் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து
ஷூவைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
பேப்பர் மடிந்திருக்கிறது.
எழுத்து மடியவில்லை.

1930-க்குப் போன் செய்தேன்.
பணம் போகலையே, அப்புறம் எதுக்கும்மா அழறீங்க
என்றது அந்தப் பக்கத்துக் குரல்.
நியாயம்தான்.

பைபாஸில் ஷேர் ஆட்டோ நின்றது.
அற்புதக்கா, ஏறலையா?
என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிய
கொஞ்சம் நேரமானது.