நாற்பதுக்குள்

பஃபலோவில் ஏப்ரலிலும் பனி.
விடியுமுன் தொலைபேசி:
"பதக்கம் உங்களுக்குத்தான்."
டனூட்டா ஒற்றைக் காலுறையோடு
சமையலறையில் நிற்கிறாள்.
நாற்பது வயதாக இன்னும் பதினோரு நாள்.
அதற்கப்புறம் பெயரைக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டவர்கள்
அன்றிரவு எங்கே போய்ப் படுத்தார்கள்,
அதைத்தான் எண்ணினாள்.
நாலாயிரத்துச் சொச்சம் வரிசை.
பெயர்களை விதிப்படி அவளே அழித்தாள்,
2,716-ஆம் வரிசையில் இருந்த
தன் அம்மாவின் பெயரையும்.

"தரவில் பிழை ஏதும்?"
பிற்பகல் ஒரு நிருபர் கேட்டார்.
"சின்னச் சின்னது இருக்கும்."

குழந்தைகள்: ஒன்று
என்றிருக்கிறது அந்த வரிசையில்.
எழுத்தர் கணக்கெடுக்க வந்தபோது
வீட்டுக்காரருக்குத் தெரியாத தம்பி கசிமிர்
காரின் பின்சீட்டில், போர்வைக்கடியில்,
தும்மலை அடக்கிக்கொண்டு.

ஒன்று என்றே
கூட்டியிருக்கிறாள்.