வெள்ளிக் கேபிள்

பெர்கனில் மழை விட்டபாடில்லை.
ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய
வெள்ளிக் கேபிளைச் செருகிக்கொண்டு
ஐவின் சொல்கிறான்:
செல்லோக்காரி மூச்சிழுப்பது
இதில்தான் கேட்கிறது.

சிக்னே நம்பவில்லை.
அவன் கண்ணைக் கட்டினாள்,
தன் ஈரமான மஃப்ளரால்.

"இது வெள்ளி."
இல்லை, ஹெட்போனோடு பெட்டியில் வந்த கறுப்பு வயர்.
"இது அந்த ஓசி வயர், சந்தேகமே இல்லை."
வெள்ளி.

பத்துக்கு ஐந்து.
காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

ஆனால் மூச்சு கேட்டதே, என்கிறான்,
சத்தியமாய்க் கேட்டது, இப்போதும்.

கேட்கும்.
வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ரகம் அந்த ஹெட்போன்.
ஐந்து மாடி ஏறிவந்து
அவன் தோளருகே குனிந்திருப்பவள்
மெல்ல
மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.

"இதோ," என்கிறான்,
"மாற்றிவிட்டாய்."