எண்ணூற்றைம்பது

மேசையில் இரண்டு பெட்டி.
ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை
வவுனியாவில் இஸ்ஸதீனின் கடைக்கே திருப்பவேணும்.
ஞாயிறு கடைசி நாள்.

இரண்டும் இருட்டில் பார்க்கும்.
இரண்டும் துவக்கின் முதுகில் ஏறும்.
பன்னிரண்டு போர் உதைக்கிற உதையைத் தாங்குமென்று
இரண்டு அட்டையிலும் ஒரே பொய்.
வித்தியாசம் விளக்கில்தான்.
"எண்ணூற்றைம்பது தூரம் போகும் அக்கா,
ஆனா எதிரில நிக்கிறவைக்குச் சின்னச் சிவப்பொண்டு தெரியும்,
பீடி நுனி மாதிரி.
தொள்ளாயிரத்து நாற்பது கிட்டத்தான் பிடிக்கும்,
ஒருத்தருக்கும் தெரியாது.
நீங்கள் அங்க இல்லாத மாதிரி."

இல்லாத மாதிரி.
அந்தச் சொல்லுக்காகவே அதை முதலில் பூட்டினேன்.

நெடுங்கேணியில் மூன்று ஏக்கர் கச்சான்,
விழுது இறங்கிக் காய் பிடிக்கிற கிழமை.
போன போகம் பன்றி எனக்கு விட்டுவைத்தது
ஒன்பது மூட்டையும், நன்றாய் உழுத நிலமும்.
டோர்ச் அடித்தால்
வெளிச்சம் போய்ச் சேருமுன் அது போய்விடும்.
வெடி கொளுத்தினால் ஆனைக்குக் கோபம்.
தகரம் தட்டினால்
தாளத்துக்குத் தின்னும்.

காவல் கொட்டிலில் ஏறி
நுளம்புக்குப் போர்த்திக்கொண்டு
ஒற்றைக் கண்ணைத் திரையில் வைத்தேன்.
பச்சை.
பச்சையில் முன்பொருமுறை யாரோ
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்,
கழுத்தளவு தண்ணீரில், தலையில் பையோடு.
பொத்தானை அழுத்திக் கறுப்பு வெள்ளையாக்கினேன்.

சாம்பல் வேலி. சாம்பல் கச்சான்.
முயலின் கண் இரண்டு சல்லி.
பதினொன்றரைக்குக் கீழ்வரம்பில் ஒரு முதுகு.
குனிந்து, கிண்டி, நகர்ந்து, கிண்டி.
தனியன் பன்றி என்றது மனம்.
குறுக்குக்கோடு முதுகில் போய் உட்கார்ந்தது.
விரலும் உட்கார்ந்தது.

தலை நிமிர்ந்தது.
கண் மினுங்கவில்லை.

மிருகத்தின் கண் வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.
மனிசர் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விசாலாட்சி. பக்கத்துக் காணி.
கையில் அலவாங்கு.
ஓடும்போது தாட்ட பால்மா ரின்,
உள்ளே தாலிக்கொடியும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும்.
அடையாளத்துக்கு நின்ற முதிரையை
நாங்கள் வருமுன்னே யாரோ தறித்துவிட்டார்கள்.
பகலில் கிண்டினால் ஊர் கேட்கும்,
கிடைத்ததா, கிடைத்ததா என்று.

உதடு அசைந்தது.
ஏசினாளோ, எண்ணினாளோ,
திரைக்குக் காது இல்லை.
நாற்பது நிமிசம் பார்த்தேன்.
ஏன் என்றால்,
பார்க்க முடிந்தது.

அடுத்த இரவு எண்ணூற்றைம்பது.
காட்டோரம் வரைக்கும் இலை இலையாய்த் தெரிந்தது.
இன்று வரமாட்டாள் என்று நினைத்தேன்.
வந்தாள். கிண்டினாள்.
இந்தப் பக்கம் திரும்பியவள்
சிவப்பைக் கண்டாள்.

அப்படியே விழுந்து படுத்தாள்.
கை இரண்டும் தலைக்கு மேலே.
யாரும் சொல்லாமல் செய்கிற, பழகின உடம்பு.

"நான்தான்! நேசமலர்!"
என் சத்தத்துக்கு
அந்த இரவின் பன்றியெல்லாம் முல்லைத்தீவு தாண்டியிருக்கும்.

எழும்பி மண் தட்டினாள்.
"கொஞ்சம் கச்சான் பிடுங்க வந்தனான்" என்றாள்,
கையில் அலவாங்கோடு.
"பிடுங்கு" என்றேன்.

ஞாயிறு தொள்ளாயிரத்து நாற்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
"பன்றி கண்டிடுமே அக்கா" என்றான் இஸ்ஸதீன்.
"காணட்டும்."
காசை இரண்டு தரம் எண்ணினேன்,
ஐந்நூறு குறைத்துத்தான் தந்தான்.

இந்தக் கிழமை நாலு வரி கச்சான் போய்விட்டது.
கீழ்வரம்பில் அலவாங்குச் சத்தம் கேட்டால்
விளக்கை அணைத்துத் துவக்கைப் படுக்கவைக்கிறேன்.
திரை பார்த்த கண்
இருட்டுக்குத் திரும்ப இருபது நிமிசம் எடுக்கிறது.
அதுவரை
அவள் கிண்டுவது மட்டும் கேட்கிறது,
இல்லை,
அந்தப் பக்கம் பன்றியும்.