கலை

பற்றரிக்குத் தடைவந்த வருஷம். குருநகர்.
கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலை
நான் கையால் சுற்ற
டைனமோவில் பாடியது
பறுனாந்து கப்பலால் கொண்டுவந்த கசெற்.
மொம்பாசாவில் ஒரு குசினிக்காரன் கொடுத்ததாம்.
ஊதுகிறவனின் பெயரை உப்பு தின்றுவிட்டது.

கை உளைந்தால் சுருதி இறங்கும்,
கை மாற்றினால் திடுக்கிட்டு ஏறும்.
சக்ஸபோன் பாதி, என் தோள்மூட்டுப் பாதி.

ஓரிடத்தில் அவனுக்குச் சுரம் பிசகியது.
திருத்தப் போகவில்லை.
அந்தப் பிசகையே திரும்ப ஊதினான், திரும்பவும்,
அது வாசலாகும்வரை.
பிறகு சட்டென்று நிறுத்தினான்.

"பழுதில்லை, சுத்து" என்றான் பறுனாந்து.
"இந்த இடம் செத்தவைக்கு விட்டது.
கேட்டுப்போட்டுக் காத்திருக்கிறான்.
குசினிக்காரனும் அப்பிடித்தான்,
முதல் மிடறு நிலத்துக்கு.
தான் எண்டு தனிய ஒருத்தனும் இல்லையாம்,
போனவை வாறவை எல்லாரும் சேர்ந்துதான் ஓராளாம்."

மண்டைதீவிலிருந்து ஷெல் கிளம்பியது.
பெடலை விட்டேன்.
சக்ஸபோன் மாடுபோல் முனகிச் செத்தது.
இருட்டில் எண்ணினோம்.
பாசையூர்ப் பக்கம் விழுந்தது.

அடுத்த வளவில் பெர்பேத்தக்கா,
மகனைக் கடலுக்கு அனுப்பித் திரும்பப் பெறாதவள்,
விட்ட இடத்திலிருந்து அந்தப் பிசகை
வாய்க்குள் இழுக்கத் தொடங்கினாள்.
எந்தச் செபத்திலும் இல்லாத இராகம்.

அம்மன் கோயிலில் உருவேறினால்
கலை வந்திட்டுது என்பார்கள்.
பாட்டுக்கும் அதே சொல்தான்.
அன்றுவரை நான் அதைக் காதில் போட்டதில்லை.

பெடலைத் தொடவில்லை.
பறுனாந்து தன் வெறுந்தேத்தண்ணியை மணலில் ஊற்றினான்.
சீனி இல்லாத காலம்.
கொஞ்சம் யோசித்து,
கடித்த பனங்கட்டியையும் பக்கத்தில் வைத்தான்.