பசை

கிளீதோர்ப்ஸ் கடற்கரை ஓட்டலின் முதல் மாடியில்
வணிகவியல் துறை இரண்டு நாள் தங்கி
ஐந்து வருடத்தை யோசித்தது.
நவம்பர் மாதம், தள்ளுபடி வாடகை.
ஹம்பர் முகத்துவாரத்தில் நீர் உள்வாங்கி
கண்ணுக்கெட்டியவரை சேறு.

ஆலோசகர் டிரிஸ்டன்
சுவரில் நீல நாடாவால் நான்கு கட்டம் கட்டினார்:
பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்.
ஆளுக்கொரு கட்டு மஞ்சள் தாள்.
"மனதில் பட்டதை எழுதுங்கள், தப்பென்று எதுவும் இல்லை."

பதினாறு வருடமாய்த் தணிக்கைப் பாடம் எடுக்கிறேன்.
தப்பென்று எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால்
பேனாவை மூடிவிடுவது வழக்கம்.
சும்மா இருந்தவள் என்பதால்
கூட்டக் குறிப்பெடுக்கும் வேலை என் தலையில்.

ஹேமிஷ் ஒன்பது பலங்கள் எழுதினார்.
ஃபோலஷாதே ஒன்றே ஒன்று எழுதி
இரண்டாய் மடித்து, யோசித்து,
பிரித்து ஒட்டினாள்.
மாலையில் குழுவாய்ப் படம் எடுத்தோம்.
எங்கள் தோள்கள் நான்கு கட்டத்தையும் மறைத்தன.
பிறகு மீனும் வறுவலும் தின்னப் போனோம்.
செலவைக் குறைக்க
ஓட்டல்காரர்கள் அறையின் சூட்டை அணைத்துவிட்டார்கள்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால்
சுவரில் நாடா மட்டும்.
துறையின் எதிர்காலம் முழுவதும்
கம்பளத்தில் முகங்குப்புறக் கிடந்தது.
கடலீரம் பசையைத் தின்றிருந்தது.
காசில்லாத இடத்தைப்
பசையில்லாத இடம் என்போம் எங்கள் பேச்சில்.
டிரிஸ்டனிடம் சொல்லக்கூடாது,
அடுத்த ஓட்டலில் ஸ்லைடாகப் போட்டுவிடுவார்.

முட்டி போட்டுப் பொறுக்கினேன். அறுபத்து மூன்று.
சாட்சியத்தைத் தணிக்கையாளர் தொடக்கூடாது,
முதல் வாரப் பாடம்.
தொட்டேன்.

சில தாள்களுக்குத் தங்கள் இடம் தெரியும்.
"கூரை ஒழுகுகிறது."
"லீட்ஸ்", வெறும் ஊர்ப்பெயர், போதும்.
"நல்ல காபி" ஹேமிஷுடையது, சந்தேகமில்லை.

"மாலை வகுப்பு" என்று ஒன்று.
பதினொரு பேர்.
மீன் பதனிடும் ஆலையில் ஷிப்ட் முடித்து
விரல்களில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு
பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம் என்று
எழுத வருகிறவர்கள்.
நேற்று அது எந்தக் கட்டத்தில் இருந்தது என்று
எனக்கு நன்றாகவே தெரியும்.
அந்த நஷ்டக் கணக்கைப் போட்டதே நான்தான்.

"வெளிநாட்டு மாணவர்": மூன்று தாள், மூன்று கையெழுத்து,
ஒன்றின் நடுவே மடித்த கோடு.
எங்கே ஒட்டுவது?
வாய்ப்பு என்று அழைக்கப்பட்டு விமானம் ஏறி,
ஹீத்ரோ வரிசையில் நாலு மணி நேரம் அச்சுறுத்தலாய் நின்று,
"உச்சரிப்பு புரியவில்லை" என்ற கருத்துப் படிவத்தில் பலவீனமாகி,
பதவி உயர்வுக் கடிதத்தில் ஒரு வரி பலமானவள் நான்.
நாலிலும் குடியிருந்தாயிற்று.
இரண்டை வாய்ப்பில் ஒட்டினேன்.
மடித்ததைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வரவேற்பில் செல்லோடேப் வாங்கி வந்து
மாலை வகுப்பைப் பலத்தில் ஒட்டி
நாலு மூலையும் அழுத்தினேன்,
தேவைக்கு மேல்.

ஒன்பதுக்கு எல்லோரும் காபியோடு வந்தார்கள்.
துறைத்தலைவர் லொரெய்ன் சுவரை வெகுநேரம் பார்த்தார்.
"மாலை வகுப்பு. ஆமாம், நேற்றே நாம் இதைச் சொன்னோம்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
ஹேமிஷ் அதற்கு ஒரு பெயர்கூட யோசித்துவிட்டார்.

நான் எழுதினேன்:
இரண்டாம் நாள், 9.05.
கட்டங்கள் உறுதிசெய்யப்பட்டன. மாற்றம் இல்லை.

ஃபோலஷாதே மட்டும்
ஒவ்வொரு கட்டமாய்த் தேடிக்கொண்டிருந்தாள்.
இடைவேளையில் பக்கத்தில் வந்து
ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள்.
கொடுத்தேன்.
மடிப்பு இருந்த இடத்திலேயே மடித்து
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு
பிஸ்கட் இருக்கிறதா என்றாள்.